102 மரபணுக்களும் ஒரு கழுத்தும்: வாய்ப்புற்று பரவுமா என்று முன்கூட்டிச் சொல்ல எடுத்த ஒரு முயற்சியின் நிகழ்வு ஆய்வு

"கட்டி நாக்குலதானே இருக்கு டாக்டர், கழுத்துல எதுக்கு வெட்டணும்?"

வாய்ப்புற்று வார்டில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் காதில் வாங்கியிருப்பார்கள். நியாயமான கேள்விதான். நாக்கின் ஓரத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் புண். கழுத்தைத் தடவிப் பார்த்தால் நெறிக்கட்டி எதுவும் கையில் தட்டுப்படவில்லை. ஸ்கேன் அறிக்கையிலும் கழுத்தில் ஒன்றும் இல்லை என்றே எழுதியிருக்கிறது. அப்புறம் எதற்குத் தாடைக்கு அடியில் அவ்வளவு நீளக் கீறல்?

காரணம் இதுதான். இப்படிக் கழுத்து சுத்தமாகத் தெரிகிற நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் மூன்றில் ஒருவருக்குக்கூட, புற்றுச் செல்கள் ஏற்கெனவே கழுத்தின் நிணநீர்க் கணுவுக்குள் (நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சு, அதுதான் வீங்கினால் நெறிக்கட்டி) போய் உட்கார்ந்திருக்கின்றன. ஓரிரு மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் கைக்கும் தெரியாது, ஸ்கேனுக்கும் தெரியாது. விட்டுவைத்தால் சில மாதங்களில் கழுத்தில் கட்டியாக எழும்பும். கணுவுக்குப் பரவிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

மீதி மூன்று பேரின் நிலையையும் பார்க்க வேண்டும். அவர்கள் கழுத்தில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கணுக்களை எடுத்தாகிவிட்டது. தோள்பட்டைத் தசைக்குப் போகும் நரம்பு இந்த அறுவை சிகிச்சையில் இழுபடும். அதன் விளைவு, கொடியில் துணி காயப்போடவும் தலை வாரவும் கை மேலே எழாமல் போவது. தாடை ஓரமாக ஓடும் சிறு நரம்பு பழுதுபட்டால் கீழுதடு ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். காபி குடித்தால் ஓரமாக வழியும். தேவையில்லாமல் இதை அனுபவிப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

1994-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டுக் கோடு கிழித்தார்கள். கழுத்தில் மறைந்த பரவல் இருப்பதற்கான வாய்ப்பு 20 சதவீதத்துக்கு மேல் என்றால் கழுத்துக்குச் சிகிச்சை கொடு, கீழே என்றால் காத்திரு. இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் பல ஆண்டுகள் உலகம் முழுவதும் முடிவு எடுத்தார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த நோயாளி கோட்டுக்கு மேலா, கீழா? அதைச் சொல்வதற்காகத்தான் மூலக்கூறு குறிப்பான்களை, அதாவது பரவலை முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கும் புரதம், மரபணு போன்ற அடையாளங்களை, தேடி அலைந்தார்கள். அந்தத் தேடலிலேயே மிகத் தூரம் போனது நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பிறந்த 102 மரபணுத் தொகுப்பு. அது எங்கே தொடங்கியது, எது வரை போனது, ஏன் அங்கேயே நின்றது என்பதே இந்த நிகழ்வு ஆய்வு.

ஒற்றைக் குறிப்பான்களின் காலம்

உட்ரெக்ட்டுக்கு முன்னால் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எபிதீலியச் செல்களை, அதாவது வாயின் உட்பரப்பை மூடியிருக்கும் செல்களை, ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசை ஈ-கேடரின் என்ற புரதம். அது குறைந்தால் செல்கள் பிரிந்து ஊருக்குக் கிளம்பும் என்று நினைத்தார்கள். வழியில் உள்ள திசுவை அரித்துப் பாதை போடும் எம்எம்பி-2, எம்எம்பி-9 நொதிகள், புது நிணநீர்க் குழாய்களை முளைக்க வைக்கும் விஇஜிஎஃப்-சி, 11-வது குரோமோசோமின் ஒரு துண்டு பெருகும்போது சேர்ந்தே பெருகும் சைக்ளின் டி1-உம் கார்டாக்டினும், ஊடுருவும் ஓரத்துச் செல்களில் தெரியும் போடோபிளானின். ஒவ்வொன்றுக்கும் கட்டுரைகள் குவிந்தன. ஒரு கட்டுரை பரவலோடு தொடர்பு உண்டு என்றால் அடுத்தது இல்லை என்றது. புரதத்தை நிறமேற்றிக் காட்ட ஒவ்வொரு ஆய்வகத்திலும் வேறு வேறு ஆன்டிபாடி. எத்தனை சதவீதச் செல்கள் நிறம் ஏறினால் பாசிட்டிவ் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு. பெரும்பாலும் ஐம்பது, அறுபது பழைய ஸ்லைடுகளைத் தூசி தட்டி எடுத்துச் செய்த வேலைகள். கழுத்து அறுவையை முடிவு செய்யும் அளவுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், நோயாளிகளின் குடும்பத்தார் அடிக்கடி குழம்புவதால். பி16 என்ற சோதனை தொண்டைப்பகுதி, டான்சில் புற்றில் எச்பிவி வைரஸின் தடயத்தைக் காட்டுவது. அங்கே அதற்கு மதிப்பு உண்டு. நாக்கின் முன்பகுதி, கன்னம், ஈறு ஆகியவற்றில் வரும் புற்றுக்கு அந்த முடிவை வைத்துக் கழுத்தைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது.

உட்ரெக்ட், 2005

2005 பிப்ரவரியில் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவ மையக் குழு தன் முடிவை வெளியிட்டது. வாய், தொண்டைப் பகுதியில் வந்த 82 முதன்மைக் கட்டிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் கழுத்தில் பரவியிருந்ததா இல்லையா என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். கட்டியை அரைத்து அதிலிருந்த ஆர்என்ஏவை, அதாவது வேலை செய்யும் மரபணுக்கள் எடுக்கும் நகலை, பிரித்து மைக்ரோஅரே சில்லில் ஓட்டினார்கள். ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எது எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்பது ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். பரவிய கட்டிகளையும் பரவாத கட்டிகளையும் பிரித்துக் காட்டும் 102 மரபணுக்களைப் பொறுக்கி எடுத்தார்கள். பிறகு இதுவரை தொடாத 22 கட்டிகளில் அதைச் சோதித்தார்கள். கையால் தடவியும் ஸ்கேன் எடுத்தும் மருத்துவர்கள் செய்த கணிப்பைவிட இந்தத் தொகுப்பின் கணிப்பு மேலாக இருந்தது.

எண்களைவிட அதன் உட்பொருள்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கட்டிக்குள் எங்கோ ஒன்றிரண்டு செல்கள் மட்டும் கடைசியில்தான் பரவும் திறனைப் பெறுகின்றன என்பது அதுவரை இருந்த பாடம். அது முழு உண்மை என்றால் மொத்தக் கட்டியையும் அரைத்து எடுத்த சாற்றில் அந்தச் செல்களின் குரல் கேட்டிருக்கவே கூடாது. கேட்டது. பரவும் குணம் முதன்மைக் கட்டியிலேயே பரவலாக எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அதுவும் புற்றுச் செல்லில் மட்டும் இல்லை. செல்களைச் சூழ்ந்த இணைப்புத் திசு, செல் ஒட்டுதல், புரதத்தை அரிக்கும் நொதிகள் சார்ந்த மரபணுக்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. விதையோடு சேர்த்து மண்ணையும் படித்தார்கள் என்று சொல்லலாம்.

2006-ல் அதே குழு தன் முடிவைத் தானே கிண்டிப் பார்த்தது. 102 மட்டும்தானா? இல்லை, கணிக்கும் திறன் கொண்ட மரபணுக்கள் மொத்தம் 825 இருந்தன. அவற்றிலிருந்து வெவ்வேறு கூட்டங்களாக எடுத்தாலும் ஏறக்குறைய அதே கணிப்பு வந்தது. 102 என்ற எண்ணில் மந்திரம் ஏதும் இல்லை என்பதை அவர்களே நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். மரபணுத் தொகுப்பு வெளியிடும் பல குழுக்கள் இந்த வேலையைச் செய்வதில்லை. இந்தக் குழுவின் மீது எனக்கு மரியாதை வந்த இடம் இது.

222 கட்டிகள்

22 கட்டிகளில் ஜெயிப்பது ஒன்று, நாடு முழுவதும் வரும் கட்டிகளில் நிற்பது வேறு. 2012-ல் நெதர்லாந்தின் தலை-கழுத்துப் புற்று மையங்களிலிருந்து 222 கட்டிகளைச் சேர்த்துப் பெரிய சோதனை நடந்தது. முடிவில் வந்த இரண்டு எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

'பரவவில்லை' என்று தொகுப்பு சொன்னால் அது எத்தனை முறை சரி? மொத்த 222-ல் 72 சதவீதம். ஆனால் இந்தச் சோதனை உண்மையில் தேவைப்படுவது சிறிய கட்டி, கழுத்தில் எதுவும் தெரியாத நோயாளிகளுக்கு. அப்படிப்பட்ட 101 பேரில் 89 சதவீதம் சரி. வழக்கமான பரிசோதனையில் 'கழுத்து சுத்தம்' என்று சொல்லப்பட்டவர்களில் 28 சதவீதம் பேருக்குப் பரவல் மறைந்திருந்தது. தொகுப்பையும் சேர்த்துக்கொண்டால் அது 11 சதவீதமாக இறங்கியது.

28-லிருந்து 11. 1994-ல் கிழித்த 20 சதவீதக் கோட்டுக்கு மேலே இருந்தவர்களைக் கீழே கொண்டுவந்துவிட்டது. காகிதத்தில் பார்த்தால் வெற்றி. அந்த நாள் கணக்குப்படி 'இல்லை' என்று முடிவு வந்த நோயாளியிடம், "கழுத்தில் கை வைக்க வேண்டாம், மாதாமாதம் வந்து காட்டுங்கள்" என்று சொல்லலாம்.

ஆனால் அப்படிச் சொல்லி அனுப்பிய 100 பேரில் 11 பேர் கழுத்தில் புற்றோடு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த 11 பேருக்கு என்ன ஆகும்? கழுத்தில் தெரிந்த பிறகு எடுத்தாலும் அதே பலன் கிடைக்கும் என்றால் கவலை இல்லை, 11 பேருக்கு ஒரு ஆப்ரேஷன் தள்ளிப்போனது, அவ்வளவுதான். தாமதம் உயிரைப் பறிக்கும் என்றால் அந்த 11 பெரிய எண். 2012-ல் இதற்கு உறுதியான பதில் யாரிடமும் இல்லை.

மும்பையிலிருந்து வந்த பதில்

அந்தப் பதிலுக்கான வேலை அப்போது மும்பையின் பரேலில் நடந்துகொண்டிருந்தது. டாடா நினைவு மருத்துவமனையில் அனில் டி'குரூஸ் தலைமையிலான குழு 2004-லேயே தொடங்கிய ஆய்வு அது. நாக்கு, கன்னம் போன்ற இடங்களில் சிறிய கட்டி, கழுத்தில் எதுவும் தெரியாத நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் கட்டியோடு சேர்த்துக் கழுத்துக் கணுக்களையும் எடுத்தார்கள். மீதிப் பேருக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்து, கழுத்தில் தெரிந்தால் அப்போது எடுத்தார்கள். சேர்ந்தவர்கள் 596 பேர். முதல் 500 பேரின் கணக்கைப் பார்த்தபோதே வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் அந்த முடிவை வெளியிட்டுவிட்டார்கள்.

மூன்று ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள்: முதலிலேயே கழுத்தையும் செய்த குழுவில் 80 சதவீதம், காத்திருந்த குழுவில் 67.5 சதவீதம். நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 69.5-ம் 45.9-ம். எட்டுப் பேருக்கு முன்கூட்டிக் கழுத்து அறுவை செய்தால் ஒரு மரணம் தடுக்கப்படுகிறது என்று கணக்கிட்டார்கள். காத்திருந்தவர்களுக்குக் கழுத்தில் நோய் தெரிந்தபோது அது முற்றிய நிலையில் இருந்தது. கணுவின் உறையை உடைத்துக்கொண்டு வெளியேயும் வந்திருந்தது. 2015-ல் முடிவு வெளிவந்ததும் உலகமே கவனித்தது. வாய்ப்புற்று அதிகம் உள்ள நாட்டிலிருந்து, நம் ஊர் நோயாளிகளை வைத்து, எல்லா நாட்டுக்கும் பயன்படும் பதில் வந்தது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இப்போது உட்ரெக்ட்டின் 11-ஐத் திரும்பப் பாருங்கள். அந்த 11 பேருக்கும் தாமதம் இலவசமாகக் கிடைக்கவில்லை. டாடா ஆய்வுக்கு முன் இனிப்பாகத் தெரிந்த எண் அதன் பிறகு கசக்கத் தொடங்கிவிட்டது. தொகுப்பு மாறவில்லை, கணித்த விதமும் மாறவில்லை. தவறான 'இல்லை'க்கு எவ்வளவு விலை என்பது தெரிந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

போட்டிக்கு வேறொருவரும் வந்துவிட்டார். கட்டியைச் சுற்றி லேசான கதிரியக்க மருந்தைச் செலுத்தி, நிணநீர் முதலில் வடியும் கணுவைக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துப் பார்க்கும் காவல்கணுப் பரிசோதனை. ஐரோப்பாவின் 14 மையங்களில் 415 நோயாளிகளைச் சேர்த்து 2015-ல் வந்த ஆய்வில் அதன் 'இல்லை' 95 சதவீதம் சரியாக இருந்தது. மரபணுவைப் படித்து ஊகிப்பதைவிட, போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய கணுவையே எடுத்துப் பார்ப்பது உறுதியாக இருந்ததில் வியப்பில்லை. இன்றைய சிகிச்சை வழிகாட்டுதல்களில் காவல்கணுவுக்கு இடம் உண்டு. மரபணுத் தொகுப்பை வைத்துக் கழுத்தை முடிவு செய்யச் சொல்லும் வரி இல்லை.

மார்பகத்துக்குக் கிடைத்தது

அதே நெதர்லாந்து, அதே மைக்ரோஅரே தொழில்நுட்பம், கிட்டத்தட்ட அதே காலம். 2002-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்பகப் புற்றுக்கு 70 மரபணுத் தொகுப்பு வந்தது. அது இன்று மருத்துவமனைகளில் பயன்படுகிறது. ஏன் அதற்கு மட்டும்? 6,693 பெண்களைச் சேர்த்து, தொகுப்பின் சொல்லைக் கேட்டுச் சிலருக்குக் கீமோதெரபியை உண்மையாகவே தவிர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான கணிப்பு ஆபத்து அதிகம் என்றும் தொகுப்பு குறைவு என்றும் சொன்ன பெண்களில், கீமோ இல்லாமலே 94.7 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகள் தொலைப்பரவல் (உடலின் வேறு உறுப்புக்குப் பரவுவது) இல்லாமல் இருந்தார்கள். 2016-ல் அது வெளியானது. வாய்ப்புற்றுத் தொகுப்பு, பழைய கட்டிகளில் சரிபார்த்தது என்ற படியோடு நின்றுவிட்டது. 'இல்லை' என்று வந்தவர்களின் கழுத்தை உண்மையாகவே விட்டுவைத்துப் பார்க்கும் ஆய்வை 2015-க்குப் பிறகு தொடங்குவது எந்த நெறிமுறைக் குழுவுக்கும் எளிதாக இருந்திருக்காது என்பது என் கருத்து.

இன்னொரு தடை மிகச் சாதாரணமானது. இந்தச் சோதனைக்குத் திசுவை உடனே உறையவைத்து எடுத்துவைக்க வேண்டும். ஆனால் ஆப்ரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் திசு வழக்கமாகப் போவது ஃபார்மலின் டப்பாவுக்குள்தான். ஃபார்மலினும் மெழுகும் ஆர்என்ஏவைத் துண்டு துண்டாக்கிவிடும்.

கட்டியின் ஓரம்

2017-ல் பாஸ்டனிலிருந்து வந்த ஆய்வு இந்தக் கதையைப் புதிய வெளிச்சத்தில் காட்டியது. அவர்கள் கட்டியை அரைக்கவில்லை. 18 நோயாளிகளின் கட்டிகளைத் தனித்தனிச் செல்லாகப் பிரித்து, ஏறக்குறைய 6,000 செல்களின் ஆர்என்ஏவை ஒவ்வொன்றாகப் படித்தார்கள். புற்றுச் செல்களில் ஒரு கூட்டம் பாதி எபிதீலியமாகவும் பாதி இடம்பெயரும் செல்லாகவும் நடந்துகொண்டது. ஈ-கேடரினை முழுதாகக் கைவிடவில்லை. அதே நேரத்தில் லாமினின், டிஜிஎஃப்பிஐ, போடோபிளானின் போன்ற ஊடுருவல் மரபணுக்கள் முடுக்கிவிடப்பட்டிருந்தன. கட்டியில் இந்தப் பாதி மாற்றம் அதிகமாக இருந்தால் கழுத்துப் பரவலும் அதிகமாக இருந்தது.

ஈ-கேடரினை மட்டும் இருக்கிறதா இல்லையா என்று பார்த்த பழைய ஆய்வுகள் ஏன் முரண்பட்டன என்பதற்கு இதில் விளக்கம் இருப்பதாக நினைக்கிறேன். விளக்கு எரிகிறதா அணைந்ததா என்று கேட்டார்கள். அது மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

இந்தச் செல்கள் எங்கே இருந்தன என்பதுதான் இன்னும் முக்கியம். கட்டியின் நடுவில் இல்லை, திசுவுக்குள் முன்னேறும் ஓரத்தில், இணைப்புத் திசுச் செல்களை ஒட்டி இருந்தன. பயாப்ஸி எடுக்கும்போது என்ன செய்கிறோம்? புண்ணின் மேற்பரப்பில் ஒரு சிறு துண்டு. முன்னேறும் ஓரமோ அதற்குக் கீழே ஏழெட்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கலாம். கழுத்தை முடிவு செய்ய வேண்டியது ஆப்ரேஷனுக்கு முன்னால். அப்போது கையில் இருப்பது அந்த மேல்துண்டு மட்டுமே. எந்தக் குறிப்பானைக் கொண்டுவந்தாலும் இந்தச் சிக்கலைத் தாண்டியாக வேண்டும்.

நம் ஊர்க் கன்னம்

2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டில் உதடு, வாய்ப்புற்று புதிதாக வந்தவர்கள் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3.9 லட்சம் பேர். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 1.43 லட்சம். நெதர்லாந்தில் இந்த நோய்க்கு முதல் காரணங்கள் சிகரெட்டும் மதுவும். நாக்கிலும் வாயின் அடித்தளத்திலும் அதிகம் வருகிறது. நம் ஊரில் புகையிலையும் பாக்கும் அடக்கிவைத்த இடத்தில், கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் வருகிறது. அந்த ஈறு-கன்னப் புற்றின் மரபணுக்களை இந்தியக் குழு படித்து 2013-ல் வெளியிட்டது. டிபி53, நாட்ச்1, கேஸ்ப்8 போன்ற மரபணுக்களில் மாற்றங்கள் மற்ற நாட்டு நோயாளிகளைப் போலவே இருந்தன. கூடவே யுஎஸ்பி9எக்ஸ், எம்எல்எல்4, ஏஆர்ஐடி2 என்று வேறு சிலவும் முன்னுக்கு வந்தன. ஆகவே டச்சு நாக்கில் பழக்கிய தொகுப்பை அப்படியே நம் கன்னத்தில் ஓட்டி, வரும் முடிவை நம்ப நான் தயாராக இல்லை.

சரி, இன்றைக்கு நம் கையில் இருப்பது என்ன? ஆழம். டாடா ஆய்வின் நோயாளிகளிலேயே, கட்டியின் ஆழம் 3 மில்லிமீட்டரிலிருந்து 4 ஆனபோது கணுவில் புற்று இருந்த விகிதம் 5.6 சதவீதத்திலிருந்து 16.9-க்குத் தாவியது. புற்று எந்த நிலையில் இருக்கிறது என்று பிரிக்கும் முறையின், 2017-ல் வந்த எட்டாம் பதிப்பு ஆழத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டது: கட்டி 2 சென்டிமீட்டருக்குள் இருந்தாலும் ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கட்டிக்கு இரண்டாம் படி (டி2).

இந்த அளவை எடுப்பது எப்படி என்று ஒரு முறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஸ்லைடில் புற்றின் ஓரத்துக்கு வருகிறோம். அங்கே எபிதீலியம் இன்னும் நல்ல நிலையில், அடிச்சவ்வு அறுபடாமல் ஓடுகிறது. அந்த அடிச்சவ்வின் மட்டத்தில் ஒரு கிடைக்கோடு. அதிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல நேராகக் கீழே, புற்று எட்டிய கடைசிப் புள்ளி வரை. கோட்டுக்கு மேலே காளான்போல் எழும்பி நிற்பதைச் சேர்க்கக் கூடாது. புண்ணாகிக் குழிந்திருந்தால் குழியின் அடியிலிருந்து தொடங்கக் கூடாது, இல்லாத திசுவின் மட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். மொத்தத் தடிமனை அளந்து 'ஆழம்' என்று எழுதிவிடுவது எளிதாக நடக்கும் தவறு. 3-க்கும் 4-க்கும் நடுவில் அவ்வளவு வேறுபாடு இருக்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் ஒருவரின் கழுத்தைத் தீர்மானிக்கிறது. இதற்கு மைக்ரோஅரே வேண்டாம், உறைந்த திசு வேண்டாம். சரியான இடத்தில் வெட்டிய துண்டும் ஐந்து நிமிடப் பொறுமையும் போதும்.

மூலக்கூறு குறிப்பான்களை நான் கைவிடச் சொல்லவில்லை. அவற்றைக் கேட்கும் இடத்தை மாற்றச் சொல்கிறேன். 7 மில்லிமீட்டர் ஆழமுள்ள நாக்குப் புற்றுக்கு எந்தக் குறிப்பானும் வேண்டியதில்லை. கழுத்தைச் செய்தாக வேண்டும். 2 மில்லிமீட்டருக்குள் இருப்பவருக்கும் அவசரம் இல்லை. சிக்கல் 3-லிருந்து 5 மில்லிமீட்டர் வரையான அந்தக் குறுகிய பட்டையில் இருக்கிறது. அங்கேதான் மருத்துவர் தயங்குகிறார், குடும்பம் தவிக்கிறது. அந்தப் பட்டையில் உள்ள, புகையிலையால் வந்த கன்னப் புற்று நோயாளிகளிடம், திசுவைப் பதித்துவைக்கும் வழக்கமான மெழுகுக் கட்டையில் வெட்டிய துண்டுகளில், முன்னேறும் ஓரத்தைப் பார்த்து, அந்தப் பாதி மாற்றத்தைக் காட்டும் நாலைந்து புரதங்களை நிறமேற்றிக் கழுத்தின் முடிவோடு ஒப்பிட வேண்டும். எல்லோருக்கும் கழுத்து அறுவையோ காவல்கணுப் பரிசோதனையோ நடந்த தொகுப்பாக அது இருந்தால் யாரையும் ஆபத்தில் விடாமல் பதில் கிடைக்கும். இந்த ஆய்வுக்கு வேண்டிய நோயாளிகள் நெதர்லாந்தில் கிடைக்க மாட்டார்கள். அவர்களின் மெழுகுக் கட்டைகள் நம் மருத்துவமனை அலமாரிகளில் எண் போட்டு அடுக்கியிருக்கின்றன.